அடுத்த செல் சொல்லும் சேதி: நுரையீரல் ரத்த அழுத்தம் ஏறுவது எப்படி?

கையில் பட்டை கட்டிக் காற்றடித்து அளக்கும் பி.பி. எவ்வளவு சரியாக இருந்தாலும், நுரையீரலுக்குள் ஓடும் ரத்தத்தின் அழுத்தம் பற்றி அது எதுவும் சொல்லாது. உடம்புக்கு ரத்தம் அனுப்புவது இதயத்தின் இடது பக்கம், நுரையீரலுக்கு அனுப்புவது வலது பக்கம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு ரத்தத்தைத்தான் தள்ளுகின்றன. ஆனால் இடது பக்கத்துக்கு 120/80 தேவைப்படும்போது, நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் 14 மி.மீ. பாதரசம் அளவில்தான் இருக்கிறது. நுரையீரலின் ரத்தக் குழாய்கள் அவ்வளவு அகலமானவை, அவ்வளவு இளகியவை. வலது கீழறையின் சுவர் மெல்லியதாக இருப்பதும் இதனால்தான். அதற்கு அதிக வேலை வைக்கப்படவில்லை.

அந்தச் சராசரி 20ஐத் தாண்டினால் நுரையீரல் உயர் ரத்த அழுத்தம். 2018 வரை இந்த வரம்பு 25ஆக இருந்தது, பிறகுதான் குறைத்தார்கள். இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோவில் சந்தேகம் எழலாம். உறுதிசெய்ய வேண்டுமானால் சிரை வழியாக மெல்லிய குழாயை வலது இதயம் வரை செலுத்தித்தான் அளக்க வேண்டும். அறிகுறியோ சாதாரண மூச்சிரைப்பு. மாடிப்படி ஏறினால் இரைக்கிறது, களைப்பாக இருக்கிறது, எப்போதாவது மயக்கம் வருகிறது. ரத்தசோகை, ஆஸ்துமா, பதற்றம், உடல் எடை என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்து முடித்துச் சரியான பெயரை எட்டுவதற்குள் பலருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போய்விடுகிறது.

இந்தக் கட்டுரை எல்லா வகை நுரையீரல் உயர் அழுத்தத்தையும் பற்றியது அல்ல. இடது இதயம் பழுதாகி ரத்தம் பின்னால் தேங்குவதால் வருவதுதான் உலகில் மிக அதிகம். நாள்பட்ட நுரையீரல் நோயால் வருவது உண்டு, ரத்தக்கட்டி அடைப்பதால் வருவதும் உண்டு. நாம் பார்க்கப்போவது நுரையீரலின் சிறிய தமனிகளே நோய்ப்பட்டுச் சுருங்கும் வகை. அரிதானதுதான். ஆனால் ஒரு திசுவின் செல்கள் தங்களுக்குள் என்ன பரிமாறிக்கொள்கின்றன, அது பிசகினால் என்ன நடக்கும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நோய் வேறு அதிகம் இல்லை.

தமனி அடைபடுகிறது என்றதும் கொழுப்புப் படிவது நினைவுக்கு வரும். இங்கே கொழுப்புக்கு வேலையே இல்லை. தமனிச் சுவரின் சொந்தச் செல்களே பெருகி வழியை அடைக்கின்றன. சுவரில் மூன்று அடுக்குகள். ரத்தத்தைத் தொட்டபடி இருப்பது எண்டோதீலியம் என்ற ஒற்றைச் செல் படலம். இனி இவற்றை உள்வரிச் செல்கள் என்போம். அதைச் சுற்றிலும் சுருங்கி விரியும் மென்தசைச் செல்கள். வெளியே, நார்ப்பொருளை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட்டு செல்களும் நோயெதிர்ப்புச் செல்களும் குடியிருக்கும் வெளியுறை. நோயாளியின் தமனியை நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்றும் தடித்திருக்கும். அப்படியானால் முதலில் கெட்டது எது? ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் ஒவ்வொரு செல்லைக் கைகாட்டியிருக்கிறார்கள். கேள்வியே சற்றுக் கோணலானது என்பது என் எண்ணம். எந்தச் செல்லும் தனியாகக் கெடவில்லை. ஒன்று அனுப்புவதை இன்னொன்று கேட்டு நடப்பதால் மூன்றும் சேர்ந்தே தடம் மாறுகின்றன.

உள்வரிச் செல் பேசும் என்பதே நீண்ட காலம் யாருக்கும் தெரியாது. குழாயின் உட்பக்கம் ஒட்டிய வெறும் வழவழப்பான பூச்சு என்றுதான் அதை நினைத்திருந்தார்கள். நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் முயலின் பெருந்தமனியைக் கீற்றுகளாக வெட்டித் தொங்கவிட்டு, மருந்துகளுக்கு அவை சுருங்குவதை அளந்துவந்தார். நரம்புகள் வெளியிடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டால் அவர் கீற்றுகள் சுருங்கும். உயிருள்ள விலங்குக்குக் கொடுத்தாலோ ரத்தக் குழாய்கள் விரியும். இந்த முரண்பாடு பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1978இல் சோதனைமுறையில் நடந்த ஒரு சிறு பிழையிலிருந்து விஷயம் பிடிபட்டது. கீற்றாக வெட்டும்போது உட்பக்கம் எங்காவது உரசி, உள்வரிச் செல்கள் உதிர்ந்துபோய்விடுகின்றன. உரசாமல் காப்பாற்றினால் அதே அசிட்டைல்கோலினுக்குத் தமனி விரிகிறது.

அடுத்து அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. உள்வரி உதிர்ந்த கீற்று ஒன்றை எடுத்தார். உள்வரி அப்படியே இருக்கும் இன்னொரு கீற்றை அதன்மேல் முகத்தோடு முகமாக வைத்தார். அசிட்டைல்கோலின் விட்டதும், உள்வரியே இல்லாத கீற்று விரிந்தது. ஆக, பக்கத்துக் கீற்றின் செல்களிலிருந்து ஏதோ ஒன்று கிளம்பி இடைவெளியைத் தாண்டி வந்து தசைக்கு ‘தளர்ந்துகொள்’ என்று சொல்லியிருக்கிறது. 1980இல் இது அச்சில் வந்தது. அந்த ஏதோ ஒன்று நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது 1987 வாக்கில் தெரிந்தது. 1998இல் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னும் இரண்டு சேதிகளும் அதே காலத்தில் பிடிபட்டன. 1976இல் ஜான் வேனின் குழு புராஸ்டாசைக்ளினைக் கண்டது. இதுவும் உள்வரிச் செல் அனுப்புவது, இதுவும் தசையைத் தளர்த்துவது, கூடவே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதையும் தடுப்பது. 1988இல் ஜப்பானின் சுகுபாவில் யானகிசாவாவும் மசாக்கியும் எண்டோதீலினைக் கண்டார்கள். அது நேர் எதிர். தசையை நெடுநேரம் இறுக்கிப் பிடிக்கும், வளரவும் தூண்டும். ஒரே உள்வரிச் செல்தான் ‘தளர்’ என்றும் சொல்கிறது, ‘இறுகு’ என்றும் சொல்கிறது. 1990களில் நோயாளிகளைச் சோதித்தபோது முதல் இரண்டும் குறைந்திருந்தன, மூன்றாவது கூடியிருந்தது.

இன்று நோயாளிகள் சாப்பிடும் மருந்துகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைச் சரிக்கட்டுபவை. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எபோபுரோஸ்டெனால் செயற்கைப் புராஸ்டாசைக்ளின். ரத்தத்தில் சில நிமிடங்களில் சிதைந்துவிடும் என்பதால், நெஞ்சில் நிரந்தரக் குழாய் வைத்துச் சிறு பம்பு மூலம் இரவு பகலாக ஏற்ற வேண்டும். பம்பு நின்றால் உயிருக்கே ஆபத்து. 2001இல் வந்த போசென்டான் எண்டோதீலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியை அடைக்கிறது. நெஞ்சுவலிக்காகத் தொடங்கி வேறொன்றுக்குப் புகழ்பெற்ற சில்டெனாஃபில் 2005இல் இந்த நோய்க்கும் அனுமதி பெற்றது. நைட்ரிக் ஆக்சைடு சொன்னதைத் தசைச் செல் சீக்கிரம் மறந்துவிடாமல் அது பார்த்துக்கொள்கிறது. இவற்றால் ஆயுள் கூடியது, நடை கூடியது, மூச்சு கொஞ்சம் இலகுவானது. ஆனால் தடித்த சுவர் மெலியவில்லை.

காரணம் எளிது. இந்த மூன்று சேதிகளும் முக்கியமாகச் சுருங்குவதையும் விரிவதையும் பற்றியவை. நோயின் அடிப்படையோ வளர்ச்சி. சோதனை அறையில் விரிப்பு மருந்தை முகரவைத்து அழுத்தம் நன்றாக இறங்குகிறதா என்று பார்த்தால், காரணம் தெரியாத வகை நோயாளிகளில் பத்தில் ஒருவருக்குத்தான் இறங்குகிறது. மற்றவர்களின் குழாய் இறுகிக் கிடக்கவில்லை. சுவர் வளர்ந்து உள்வழியே குறுகிவிட்டது.

வளர்ச்சிச் சேதி எங்கிருந்து வருகிறது என்பதற்கு முதல் துப்பு ஒரு விபத்தில் கிடைத்தது. 1965இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி மருந்துக்கடைகளில் அமினோரெக்ஸ் என்ற பசியடக்கும் மாத்திரை வந்தது. இரண்டொரு ஆண்டுகளில் இதய மருத்துவர்களிடம் அரிதாக வரும் இந்த நோய் பல மடங்கு பெருகியது. 1968இல் மாத்திரையை விலக்கினார்கள். அதன் விளைவாகவே 1973இல் உலகச் சுகாதார நிறுவனம் ஜெனிவாவில் இந்நோய்க்கென முதல் கூட்டத்தைக் கூட்டியது. பிறகு வந்த ஃபென்ஃபுளுரமினும் இதே கதைதான். அதை 1997இல் விலக்கினார்கள். இவை செரடோனின் என்ற சேதிப்பொருளோடு விளையாடும் மருந்துகள். உள்வரிச் செல்லே செரடோனின் தயாரிக்கிறது, அது பக்கத்துத் தசைச் செல்லுக்குள் புகுந்து அதைப் பெருகச் சொல்கிறது என்று பின்னர் தெரிந்தது. அழகான விளக்கம். ஆனால் செரடோனின் உற்பத்தியைக் குறைக்கும் மாத்திரையை அண்மையில் நோயாளிகளிடம் சோதித்தபோது, செரடோனின் குறைந்தது, நோய் தணியவில்லை. ஒரே ஒரு சேதியை அறுத்தால் போதும் என்று நம்பிய பலரும் இப்படித்தான் ஏமாந்தார்கள்.

2000ஆம் ஆண்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக, பரம்பரையாக இந்நோய் வரும் குடும்பங்களில் பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணுவில் பழுதைக் கண்டன. அந்த மரபணு உருவாக்குவது ஒரு ஏற்பியை, அதாவது சேதியை வாங்கிக்கொள்ளும் காதை. உள்வரிச் செல்லின் மேல் இது இருக்கும்போது, பி.எம்.பி. வகைப் புரதங்கள் வந்து ‘அமைதியாக இரு, பெருகாதே, சாகவும் செய்யாதே’ என்று சொல்வது அதற்குக் கேட்கும். அவற்றில் முக்கியமான பி.எம்.பி.9 பெரும்பாலும் கல்லீரலில் உருவாகி ரத்தத்தில் மிதந்து வருகிறது. நாள்பட்ட கல்லீரல் நோயாளிகளில் சிலருக்கு நுரையீரல் அழுத்தம் ஏறுவதை மருத்துவர்கள் வெகுகாலமாகக் கவனித்துவந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் ரத்தத்தில் பி.எம்.பி.9 குறைந்திருப்பது இப்போது தெரிந்திருக்கிறது. சேதி பக்கத்துச் செல்லிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை, இன்னொரு உறுப்பிலிருந்தும் வரலாம்.

இந்தப் பழுது இருக்கும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்பதுதான் விசித்திரம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் பராமரிக்கும் குடும்பப் பதிவேட்டின்படி, பழுதைச் சுமக்கும் பெண்களில் சுமார் 42 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 14 சதவீதத்தினருக்கும்தான் வருகிறது. காது மந்தமானால் மட்டும் போதாது. அழற்சி, ஆக்சிஜன் குறைவு, ஏதோ ஒரு மருந்து என்று வேறொரு கூச்சலும் சேர வேண்டும்.

இதை ஆய்வுக்கூடத்தில் நேராகவே காட்ட முடிந்தது. உள்வரிச் செல்கள் உயிரோடிருக்க வி.ஈ.ஜி.எஃப். என்ற புரதத்தின் சேதி தேவை. 2001இல் அமெரிக்காவின் டென்வரில் எலிகளுக்கு அந்தச் சேதியை அடைக்கும் மருந்தைக் கொடுத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றில் வைத்தார்கள். உள்வரிச் செல்கள் கூட்டமாகச் செத்தன. செல்கள் செத்தால் வழி அகலமாகத்தானே வேண்டும்? நடந்தது எதிர். சாவிலிருந்து தப்பியவை, இனிச் சாகச் சொன்னாலும் கேட்காத செல்களாக மாறிக் கட்டுக்கடங்காமல் பெருகித் தமனியை அடைத்தன. தொடக்கத்தில் சாவைத் தடுத்துவிட்டபோது அடைப்பும் வரவில்லை. மனித நோயாளிகளின் தமனிகளில் சின்னஞ்சிறு கால்வாய்கள் சிக்கலாகப் பின்னிக்கிடக்கும் முடிச்சுகள் இருக்கும். அவை எப்படி உருவாகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இன்னும் வரவில்லை.

எல்லாச் சேதியும் வேதிப்பொருளாக மிதந்து வர வேண்டும் என்றும் இல்லை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே நேரடித் துளைகளே உண்டு. கனெக்ஸின் என்ற புரதங்கள் இரண்டு பக்கத்துச் சவ்விலும் சேர்ந்து அமைக்கும் துளைகள் இவை. இவற்றின் வழியாக அயனிகளும் மின்னழுத்த மாற்றமும் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போகின்றன. இதன் அருமை புரிய ஒரு பழைய புதிரைப் பார்க்க வேண்டும். 1946இல் ஸ்வீடனில் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்தபோது நுரையீரல் தமனிகள் சுருங்கின. உடம்பின் மற்ற தமனிகள் ஆக்சிஜன் குறைந்தால் விரியும். நுரையீரல் மட்டும் சுருங்குகிறது, காற்று வராத பகுதிக்கு ரத்தத்தை அனுப்பி வீணாக்கக் கூடாது என்பதற்காக. சரி, ஆக்சிஜன் குறைந்திருப்பது காற்றறைகளை ஒட்டிய நுண்குழாய்களுக்குத்தானே முதலில் தெரியும்? சுருங்க வேண்டிய தமனியோ அதற்கு முந்திய இடத்தில், ரத்தம் வரும் திசையில் இருக்கிறது. ரத்தத்தில் சேதியை விட்டால் அது எதிர்ப்பக்கம்தான் அடித்துப்போகும். சேதி நீரோட்டத்தை எதிர்த்துப் போயாக வேண்டும். 2012இல் வந்த எலி ஆய்வு ஒன்று வழியைக் காட்டியது. நுண்குழாயின் உள்வரிச் செல்லில் எழும் மின்னழுத்த மாற்றம், கனெக்ஸின் 40 துளைகள் வழியாகச் செல் செல்லாகப் பின்னோக்கி ஏறித் தமனியை எட்டுகிறது. கனெக்ஸின் 40 இல்லாத எலிகளில் சுருக்கம் பெரிதும் குறைந்துவிட்டது.

இந்தச் சுருக்கம் ஓயாமல் நீடித்தால் சுவர் தடிக்கும். அமெரிக்காவின் கொலராடோ மலைமேய்ச்சல் நிலங்களுக்கு ஓட்டிச் சென்ற மாடுகளின் அலைதாடியில் நீர் கோத்து அவை செத்துப்போவதை 1915லேயே இரண்டு கால்நடை ஆய்வாளர்கள் எழுதிவைத்தார்கள். வலது இதயம் தோற்றுப்போய் வரும் வீக்கம் அது. அதே டென்வர் வட்டாரத்தில் பிற்காலத்தில் கன்றுகளை வைத்து நடந்த ஆய்வுகள்தான் வெளியுறையின் பங்கை வெளிக்கொண்டுவந்தன. ஆக்சிஜன் குறைவில் வளர்ந்த கன்றின் வெளியுறை ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள், அருகில் வரும் மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களுக்கு இன்டர்லூக்கின் 6 முதலிய சேதிகளை அனுப்பி அவற்றையும் அழற்சிக்காரர்களாக மாற்றுகின்றன. நோயுற்ற கன்றிலிருந்து பிரித்தெடுத்துக் கிண்ணத்தில் நல்ல ஆக்சிஜன் கொடுத்து வளர்த்தாலும் அந்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் பழைய குணத்தை விடவில்லை. தூண்டியது போய்விட்டது, தூண்டப்பட்டது தங்கிவிட்டது. மரபணுவின் எழுத்து மாறாமல், அது படிக்கப்படும் விதம் மட்டும் மாறிப் பதிந்துவிடுவதே இதற்குக் காரணம்.

வேறு வழிகளும் உண்டு. மரபணுக்களின் வேலையை அடக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்களைப் பொதிந்த, எக்சோசோம் என்ற நுண்ணிய பைகளைத் தசைச் செல்கள் வெளியிட, உள்வரிச் செல்கள் வாங்கிக்கொள்கின்றன. நாட்ச் 3 போன்ற ஏற்பிகள், பக்கத்துச் செல் உடம்போடு உடம்பு ஒட்டினால் மட்டும் கேட்பவை. எந்த மூலக்கூறும் அனுப்பாமல், சுவர் விறைத்துப்போவதே ஒரு சேதியாவதும் உண்டு. விறைத்த நார்ப்படலத்தில் உட்கார்ந்திருக்கும் செல், அந்த விறைப்பை உணர்ந்தே பெருகத் தொடங்குகிறது, பெருகிச் சுவரை இன்னும் விறைக்கவைக்கிறது.

இவ்வளவு வழிகளில் எதை அடைப்பது? பி.டி.ஜி.எஃப். என்ற வளர்ச்சிச் சேதியை அடைக்க, ரத்தப் புற்றுநோய்க்குப் பேர்பெற்ற இமாட்டினிப்பை முயன்றார்கள். 2013இல் முடிவு வந்தது. அழுத்தம் தணிந்தது, நடை கூடியது, ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துவந்த சிலருக்கு மூளையுறைக்கு அடியில் ரத்தம் கசிந்தது. அத்தோடு நின்றது.

வெற்றிபெற்றது வேறொரு யோசனை. பி.எம்.பி. ‘பெருகாதே’ என்கிறது, அதன் தூரத்து உறவினரான ஆக்டிவின் ‘பெருகு’ என்கிறது. பி.எம்.பி.யைக் கேட்கும் காது மந்தமாகியிருக்கும்போது, அதைச் சரிசெய்ய முடியாவிட்டாலும் ஆக்டிவினின் குரலைத் தாழ்த்தலாமே? சோடாடெர்செப்ட் செய்வது இதைத்தான். ஆக்டிவின் போய் ஒட்டவேண்டிய ஏற்பியின் வெளிப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, ரத்தத்தில் மிதக்கும் பொறியாக்கினார்கள். ஆக்டிவின் செல்லை எட்டும் முன் இதில் சிக்கிக்கொள்கிறது. முதலில் எலும்புத் தேய்மானத்துக்கென உருவாக்கிய மருந்து இது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஊசி. 323 பேர் பங்கேற்ற ஸ்டெல்லர் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. ஏற்கெனவே இரண்டு மூன்று மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களே, 24 வாரத்தில் ஆறு நிமிட நடையில் போலி ஊசி போட்டவர்களைவிடச் சுமார் 40 மீட்டர் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். 2024 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நோய் மிக முற்றியவர்களிடம் நடந்த ஜெனித் ஆய்வில், மரணம், நுரையீரல் மாற்று அறுவை, நோய் மோசமாகி மருத்துவமனையில் தங்குதல் மூன்றும் சேர்ந்த ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள்.

இதற்கும் பக்கவிளைவு உண்டு. ஹீமோகுளோபின் ஏறுகிறது, மூக்கில் ஈறில் ரத்தம் கசிகிறது, தோலில் நுண்குழாய்கள் சிவந்து தெரிகின்றன. ஆக்டிவின் குடும்பத்தின் சேதியை எலும்பு மஜ்ஜையும் கேட்கிறது, மற்ற இடங்களின் ரத்தக் குழாய்களும் கேட்கின்றன. நுரையீரலில் மட்டும் கேட்காதே என்று சொல்ல இன்னும் வழியில்லை.

நம் பக்கத்துக்கு வருவோம். சேதி நின்றால் சுவர் பழைய நிலைக்குத் திரும்புமா என்பதற்கு இந்தியாவிலிருந்தே நல்ல சாட்சி உண்டு. 5,800 மீட்டருக்கு மேலே வாரக்கணக்கில் நிறுத்தப்பட்ட இந்திய ராணுவ வீரர்கள் சிலர், உடம்பெல்லாம் நீர் கோத்து, வலது இதயம் வீங்கிக் கீழே கொண்டுவரப்பட்டதை 1990இல் இந்திய மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். தரையிறங்கிய சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, சில மாதங்களில் அழுத்தமும் சீரானது. ருமாட்டிக் காய்ச்சலால் இடது இதயத்தின் மைட்ரல் வால்வு குறுகியவர்களுக்கும் பலூன் வைத்து வால்வை விரித்தால் நுரையீரல் அழுத்தம் பெரும்பாலும் நன்றாக இறங்குகிறது.

இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தையின் கதை இவ்வளவு நேரானதல்ல. ஓட்டை வழியாக நுரையீரலுக்கு அளவுக்கு மீறிய ரத்தம் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலின் உராய்வே உள்வரிச் செல்களுக்குச் சேதி. சிறு வயதிலேயே அடைத்துவிட்டால் தமனிகள் தேறிவிடுகின்றன. பெரிய ஓட்டையைப் பல ஆண்டுகள் விட்டுவிட்டால், நுரையீரல் அழுத்தம் உடலின் அழுத்தத்தையே எட்டி ரத்தம் எதிர்ப்பக்கம் திரும்புகிறது, உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. ஐசன்மெங்கர் நிலை என்பது இதுதான். இதற்குப் பிறகு ஓட்டையை அடைத்தால் ஆபத்துதான் கூடும். உராய்வு தொடங்கிவைத்த பேச்சை இப்போது செல்கள் தாங்களாகவே நடத்திக்கொள்கின்றன.

இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு இருக்கிறது. எந்த வயதில், எந்த அழுத்தத்தில் அதைத் தாண்டுகிறோம் என்று ஒரு தனி நோயாளியைப் பார்த்துச் சொல்ல இன்று ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. சோடாடெர்செப்ட் அந்தக் கோட்டைத் தாண்டியவர்களையும் திருப்பிக் கொண்டுவருமா என்று ஸ்டெல்லர் ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஓட்டையோடு பிறந்தவர்களில், அதை ஏற்கெனவே அடைத்துக்கொண்டவர்களை மட்டுமே அதில் சேர்த்தார்கள். ஓட்டை தாமதமாகத் தெரியவரும் நாடுகளில் அதிகம் காணப்படும் ஐசன்மெங்கர் நோயாளிகள் அந்த 323 பேரில் இல்லை. மருந்தின் விலையோ அமெரிக்காவில் ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். இங்கே இவர்களில் பலருக்கு இப்போதைக்குக் கைக்கெட்டுவது சில்டெனாஃபில், அதே வகையைச் சேர்ந்த டாடாலாஃபில், போசென்டான் மாத்திரைகள்தான். உள்ளூர் நிறுவனங்கள் தயாரிப்பதால் அவை மலிவு.